சுருதி ஏறும் தட்டு, தள்ளாடும் கை: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே செய்த டர்ன்டேபிள் (ரெக்கார்டு கேட்கும் கருவி) பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கடிதங்களை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாக்கியிருக்கிறோம். குளிர், ஈரம், மரத்தளம் பற்றிய பதில்கள் மலைக்கு உரியவை. மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

கேள்வி: பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் செய்திருக்கிறேன். 24 போல் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார், நிமிடத்துக்கு 250 சுற்று. பெல்ட் ஓடும் உள்தட்டு 150 மி.மீ. விட்டம், பெல்ட் 1 மி.மீ. கனம். கணக்குப் போட்டு 20 மி.மீ. புல்லி கடைந்து வாங்கினேன். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையை நெருங்கிவிடுகிறார். வோல்டேஜ் ஏறுவதாலா? ஸ்டெபிலைசர் போடலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: ஸ்டெபிலைசர் வேண்டாம். சிங்க்ரனஸ் மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டது. 24 போல் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 250 சுற்றுதான் சுற்றும், வோல்டேஜ் 200 ஆனாலும் 240 ஆனாலும் அதே 250. வோல்டேஜ் குறைந்தால் இழுவை குறையும். கூடினால் சூடும் அதிர்வும் கூடும். வேகம் மாறாது.

பிழை பெல்ட்டின் கனத்தில் இருக்கிறது. பெல்ட் புல்லியைச் சுற்றி வளையும்போது உள்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. நீளம் மாறாதது அதன் நடுக்கோடு மட்டுமே. அதனால் புல்லி, உள்தட்டு இரண்டின் விட்டத்தோடும் பெல்ட்டின் கனத்தை ஒருமுறை கூட்டிக்கொள்ள வேண்டும். 20 மி.மீ. புல்லி 21 ஆகிறது, 150 மி.மீ. தட்டு 151 ஆகிறது. 250-ஐ 21-ஆல் பெருக்கி 151-ஆல் வகுத்தால் 34.77 சுற்று வரும். வேண்டியது 33.33. வேகம் 4.3 சதவீதம் அதிகம், அதாவது அரைக்கட்டையில் முக்கால் பங்கு. உங்கள் காது மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறது.

இனி சரியான அளவு. 250-ஐ 33.33-ஆல் வகுத்தால் 7.5. 151-ஐ அந்த 7.5-ஆல் வகுத்தால் 20.13. அதில் பெல்ட் கனம் 1 போனால் 19.13 மி.மீ. லேத்தில் நேராக இந்த அளவுக்கே இறங்கிவிடாதீர்கள். 19.3 வரை கடைந்து, மாட்டிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். 0.1 மி.மீ. எடுத்தால் வேகம் அரை சதவீதம் குறையும். அதிகம் எடுத்துவிட்டால் புதுப் புல்லிதான். பட்டை பெல்ட் என்றால் புல்லியின் நடுவில் 0.2 மி.மீ. மேடு வைக்கச் சொல்லுங்கள். அந்த மேடுதான் பெல்ட்டை நடுவில் நிறுத்தும், இல்லாவிட்டால் அது மேலே ஏறிக் கழன்றுவிடும். மேடு வைத்தால் 19.13 என்பது மேட்டின் உச்சியில் உள்ள விட்டம். 45 சுற்றும் வேண்டுமானால் அதே புல்லியில் இரண்டாவது படி, 26.2 மி.மீ.

வேகத்தைப் பார்க்க 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டம் ஒன்றை அச்சடித்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். தட்டு 33⅓-இல் சுற்றினால் 180 கோடும் அசையாமல் நிற்கும். தட்டு சுற்றும் பக்கமே கோடுகளும் நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் குறைவு. ஒரு கோடு நகர 10 விநாடி ஆனால் பிழை 0.1 சதவீதம், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். விளக்கு முக்கியம். நல்ல எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் அந்த மின்னுதலை அழித்துவிடும், கோடே தெரியாது. பழைய சுவிட்ச் போர்டில் இருக்கும் ஆரஞ்சு நிற நியான் இண்டிகேட்டர் இதற்கு அருமையாக உதவும்.

மின்வாரியக் கரண்டிலேயே மோட்டாரும் விளக்கும் ஓடும்போது, கரண்டின் ஹெர்ட்ஸ் ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஸ்ட்ரோப் காட்டுவது புல்லியின் பிழையை மட்டும்தான். தொகுப்பு மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி, ஆகவே அதில் பயமில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் கேட்கும்போதுதான் கவனம் தேவை. சதுர அலை இன்வெர்ட்டரில் இந்த மோட்டார் உறுமும், அந்த உறுமல் ஊசி வழியே ஸ்பீக்கருக்கு வந்து சேரும். சைன் அலை இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் கரண்ட் வரும்வரை தட்டை மூடி வைப்பதே நல்லது.

கேள்வி: மைக்ரோவேவ் அவனின் தட்டைச் சுற்றும் மோட்டாரும் சிங்க்ரனஸ்தானே, அதைப் போடலாமா?
– வாசகர், பண்ணைக்காடு

பதில்: கூடாது. அதற்குள் பற்சக்கரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பல்லும் ஒலியாக வரும். போடும்போது எந்தப் பக்கம் சுற்றும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. பழைய கேசட் டெக்கின் 12 வோல்ட் டி.சி. மோட்டார் கிடைத்தால் அது மேல். பின்பக்கத் துளைக்குள் சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

கேள்வி: பழைய கட்டில் காலின் ஈட்டி மரத்தில் டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) செய்தேன். 20 × 15 மி.மீ. சட்டம், நீளம் 220 மி.மீ. முனையில் பித்தளைத் தகடு 12 கிராம். பின்னால் 200 கிராம் எடை, பிவட்டிலிருந்து (கை அசையும் அச்சு) 5 செ.மீ. தூரத்தில். கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டிய சின்னப் பெட்டி) ஆடியோ டெக்னிகா வி.எம்.95இ. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் லேசாக வளைந்த ரெக்கார்டில்கூட கை துள்ளுகிறது, பாட்டு இல்லாத இடத்திலும் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. ஊசி அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கூட்டாதீர்கள். ஊசியும் ரெக்கார்டும் தேயும், துள்ளல் நிற்காது.

கார்ட்ரிட்ஜின் ஊசித் தண்டு ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு ஸ்பிரிங். உங்கள் கை அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடை. ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்தால் இரண்டுக்கும் சொந்தமான ஓர் ஊசலாட்டம் உண்டு, அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். ரெக்கார்டின் வளைவுகள் அதற்குக் கீழே இருக்கின்றன, இசை 20 ஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்குகிறது. இரண்டும் இல்லாத இடைவெளி அதுதான். கை கனத்தால் ஊசலாட்டம் கீழே இறங்கி, ரெக்கார்டின் வளைவோடு சேர்ந்து ஆடும்.

கணக்கில் வரும் எடை தராசில் காட்டும் எடை அல்ல. பிவட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு மாறும். தூரத்தைக் கையின் முழு நீளத்தால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, எடையோடு பெருக்க வேண்டும். பிவட்டிலிருந்து ஊசி வரை 239 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஈட்டி மரம் ஒரு கன செ.மீ. ஏறத்தாழ 0.84 கிராம், உங்கள் சட்டம் 55 கிராம். சீரான சட்டத்தில் கணக்குக்கு வருவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, 15.5 கிராம். பித்தளைத் தகடு முனையிலேயே இருப்பதால் 12 கிராமும் முழுதாக வரும். ஸ்க்ரூ 0.6 கிராம். பின் எடை 200 கிராம் 5 செ.மீ. தூரத்தில் 8.75 கிராம். மொத்தம் 37 கிராம்.

இதோடு கார்ட்ரிட்ஜ் 6.1 கிராம் சேர்த்தால் 43. இந்தக் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு (அந்த ஸ்பிரிங் எவ்வளவு இளகும் என்ற அளவு) 100 ஹெர்ட்ஸில் 7 என்று கொடுத்திருக்கிறார்கள். 10 ஹெர்ட்ஸில் அது ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை வரும், 12 என்று எடுத்துக்கொள்வோம். 43-ஐ 12-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் 7 ஹெர்ட்ஸ். துள்ளலுக்குக் காரணம் இதுதான்.

மரத்தை வீச வேண்டாம், இழைக்க வேண்டும். பிவட் பக்கம் 15 × 15 மி.மீ., முனைப் பக்கம் 8 × 10 மி.மீ., இடையில் சீராகச் சரிந்து வரட்டும். முனையில் இழைக்கும் ஒரு கிராம்தான் லாபம். பிவட் பக்கத்தில் பத்து கிராம் எடுத்தாலும் கணக்கில் பெரிதாக ஒன்றும் அசையாது, அங்கே மரத்தை விட்டுவிடுங்கள், உறுதிக்கு ஆகும். இப்படிச் செய்தால் மரத்தின் பங்கு 6 கிராமுக்கு இறங்கும். பித்தளைக்குப் பதில் 2 மி.மீ. அலுமினியத் தகடு, 5 கிராமுக்குள்.

இனிமேல்தான் இரட்டை லாபம். முன்பக்கம் லேசானதால் அதே 200 கிராம் பின் எடை 5 செ.மீ.யிலிருந்து 2.5 செ.மீ.க்கு உள்ளே வந்துவிடும். தூரம் பாதியானால் மதிப்பு கால் பங்கு, 8.75 கிராம் 2.2 ஆகிறது. எல்லாம் கூட்டினால் சுமார் 14 கிராம், கார்ட்ரிட்ஜோடு 20. ஊசலாட்டம் 10.3 ஹெர்ட்ஸ். பின் எடையைச் சின்னதாக்கித் தள்ளி வைப்பதைவிடப் பெரிதாக்கிப் பிவட்டை ஒட்டி வைப்பதே எப்போதும் மேல்.

கடைசியாக ஊசி அழுத்தம். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 2.0 கிராம், 1.8-க்கும் 2.2-க்கும் இடையில். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். நிறுக்கும்போது ஊசி ரெக்கார்டின் மேல்மட்ட உயரத்தில் இருக்க வேண்டும். தராசின் தட்டு 1 செ.மீ. உயரத்தில் இருந்தால் காட்டும் எடை மாறிவிடும், பிவட்டுக்கு மேலேயோ கீழேயோ எடை தொங்கும் கைகளில் இந்த வித்தியாசம் அதிகம்.

கேள்வி: கைக்கு பிவட் எது நல்லது? பால் பேரிங் போட்டால் பனிக்காலத்தில் இறுகுகிறது. ஒற்றை முனை பிவட் போட்டால் கை பக்கவாட்டில் சாய்கிறது.
– வாசகர், ஊட்டி

பதில்: லேத்தும் நுண்ணிய அளவுக் கருவிகளும் கைவசம் இல்லாதவருக்கு ஒற்றை முனை பிவட்தான் எங்கள் தேர்வு. கையால் செய்து உராய்வை இவ்வளவு குறைக்க வேறு வழியில்லை.

கோணி ஊசியின் முனையை 25 மி.மீ. அளவுக்கு வெட்டி, பித்தளைத் தூணின் துளையில் அரால்டைட் போட்டு நிறுத்துங்கள். வெட்டும்போது சூடேறினால் ஊசியின் கடினம் போய்விடும், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்ட வேண்டும். கையின் அடியில் வரும் குழி எஃகில் இருக்கட்டும், 6 மி.மீ. எஃகு ஸ்க்ரூவின் முனையில் சென்டர் டிரில்லால் 60 டிகிரி குழி. பித்தளையில் குழி போட்டால் சில மாதத்தில் முனை உள்ளே புதைந்து கை இறுகும். ஊசிமுனையை அப்படியே வைக்கக் கூடாது. எண்ணெய்க் கல்லில் இரண்டு மூன்று முறை லேசாக உருட்டித் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மழுக்க வேண்டும். கால் கிலோ கனம் ஒரே புள்ளியில் இறங்குகிறது. கூர் அதிகமானால் அது குழியைத் தோண்டும் அல்லது தானே உடையும்.

கை சாய்வதற்குக் காரணம் ஒன்றுதான்: அதன் எடை மையம் முனைக்கு மேலே இருக்கிறது. பின் எடையின் துளையை நடுவில் போடாமல் மேல்பக்கம் தள்ளிப் போடுங்கள், பெரும்பகுதி எடை கீழே தொங்கும். 35 மி.மீ. உருளை என்றால் துளையை மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளலாம். அந்த எடையை இடம் வலமாகச் சிறிது திருப்பினால் ஊசி நேராக நிற்பதையும் சரிசெய்துகொள்ளலாம். ரெக்கார்டின் மேல் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து ஊசியை அதில் இறக்கி, கார்ட்ரிட்ஜும் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிவட் முனை ரெக்கார்டின் மேல்மட்டத்துக்குச் சமமான உயரத்தில் இருந்தால் வளைந்த ரெக்கார்டில் சுருதி அலைவது குறையும். இதற்குத் தூணைக் குட்டையாக்கி, குழியைக் கைக்குக் கீழே தொங்கும் ஒரு குப்பியில் வைக்க வேண்டியிருக்கும்.

பால் பேரிங்தான் வேண்டும் என்பவர்கள் அதிலிருக்கும் கிரீஸை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் கழுவி, கடிகார எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பனியில் இறுகுவது கிரீஸ்தான்.

இரண்டு வகைக்கும் ஒரே சோதனை. அழுத்தம் இல்லாமல் கை அந்தரத்தில் மட்டமாக நிற்கும்படி பின் எடையைத் தள்ளுங்கள். சாதாரண 80 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் பேப்பரில் ஒன்றரை செ.மீ. சதுரம் வெட்டுங்கள், அதன் எடை 18 மில்லிகிராம். அதைக் கார்ட்ரிட்ஜின் மேல் வையுங்கள். கை தானாகக் கீழே இறங்க ஆரம்பிக்க வேண்டும். அசையாமல் நின்றால் பிவட்டிலோ, பிவட் வழியே போகும் கம்பியிலோ பிடிப்பு இருக்கிறது. பெரும்பாலும் கம்பிதான்.

கேள்வி: ஸ்பிண்டிலிலிருந்து (தட்டின் நடுத்தண்டு) பிவட் வரை 222 மி.மீ., ஊசி ஸ்பிண்டிலை 17.3 மி.மீ. தாண்டி, கார்ட்ரிட்ஜைத் திருப்பிய கோணம் 23 டிகிரி. எல்லாம் கணக்குப்படி வைத்தேன். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் கரகரக்கிறது. தில்லானாவைக் கேட்கவே முடியவில்லை. ஸ்கேலின் நுனியை ஸ்பிண்டிலில் அழுத்தி வைத்துத்தான் அளந்தேன்.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஸ்கேல் ஸ்பிண்டிலின் ஓரத்தைத் தொட்டிருக்கிறது, மையத்தை அல்ல. ஸ்பிண்டில் சுமார் 7 மி.மீ. தடிமன், ஆகவே உண்மைத் தூரம் 225.5 மி.மீ. ஊசி தாண்டும் அளவு 17.3 அல்ல, 13.8.

222-க்கு நீங்கள் போட்ட கணக்கு சரி. பொறியாளர் லோஃப்கிரன் 1938-இல் வகுத்த வடிவம் அது. ரெக்கார்டில் 66.0 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் ஊசி பள்ளத்துக்கு முழு நேராக நிற்கும். கையின் எந்த அளவுக்கும் இதைக் கணக்கிடலாம்: ஸ்பிண்டில் மையத்திலிருந்து பிவட் வரையுள்ள தூரத்தை வர்க்கப்படுத்தி 7979 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கையின் நீளம் வரும். 93.45-ஐ அந்த நீளத்தால் வகுத்தால் கோணத்தின் சைன் மதிப்பு.

தூரம் 3.5 மி.மீ. பிசகியதில், ரெக்கார்டின் உட்புறக் கடைசிப் பள்ளமான 60.3 மி.மீ.யில் முக்கால் டிகிரியாக இருக்க வேண்டிய கோணப் பிழை 2.6 டிகிரி ஆகிவிட்டது. வெளிப்பக்கம் பள்ளம் விநாடிக்கு 510 மி.மீ. ஓடுகிறது, உள்ளே 210 மி.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருப்பதால் சின்னக் கோணப் பிழையும் அங்கே பெரிதாகக் கேட்கும்.

பிவட்டை அசைக்க வேண்டியதில்லை. 225.5-க்குக் கையின் நீளம் 242.5 மி.மீ., கோணம் 22.7 டிகிரி. கார்ட்ரிட்ஜை 3.2 மி.மீ. முன்னால் தள்ளுங்கள், கோணத்தைத் துளி குறையுங்கள். ஹெட்ஷெல்லில் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனைத் தகடு) ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை போட்டிருந்தால் அரத்தால் ராவி நீள்துளை ஆக்குங்கள், இந்த வேலைக்கு முதலிலேயே நீள்துளைதான் போட வேண்டும். தள்ளிய பிறகு ஊசி அழுத்தத்தை மறுபடி நிறுத்துப் பாருங்கள், கூடியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலது பக்கம் மட்டும் கரகரத்தால் ஆன்டி ஸ்கேட்டிங் (கை உள்ளே இழுபடாமல் தடுக்கும் எதிர் இழுவை) போதவில்லை. 2 கிராம் அழுத்தத்துக்கு ஊசிமுனையில் ஏறத்தாழ 0.2 கிராம் வெளிப்புற இழுவை வேண்டும். பிவட்டிலிருந்து 40 மி.மீ. நீட்டிய குச்சியில் நூல் கட்டினால் அதற்கு 1.2 கிராம் எடை தொங்க வேண்டும். தூண்டில் நூலும் ஒரு சின்ன ஈயக் குண்டும் போதும்.

கேள்வி: டிசம்பர், ஜனவரி காலையில் முதல் ரெக்கார்டு மட்டும் சிதறலாகக் கேட்கிறது. ‘ச’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் கிழிகிறது. பத்து மணிக்குமேல் அதே ரெக்கார்டு நன்றாக இருக்கிறது.
– வாசகர், ஊட்டி

பதில்: ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் குளிரில் விறைக்கிறது. கார்ட்ரிட்ஜ் கம்பெனிகள் தரும் அளவெல்லாம் 20 டிகிரியை ஒட்டிய அறைக்கு உரியவை. உறைபனி விழுந்த காலையில் அறை 9, 10 டிகிரி இருந்தால் ஸ்பிரிங் இறுகி, ஊசியால் வேகமான அசைவுகளைப் பின்தொடர முடியாது. ரெக்கார்டும் அப்போது உரசலில் பழுதாகும், ஆகவே அந்த நேரத்தில் நல்ல ரெக்கார்டைப் போடாதீர்கள். அறையை முதலில் சூடாக்குங்கள், ஊசி அறையோடு சேர்ந்து சூடாக அரை மணி நேரம் கொடுங்கள். ஹேர் டிரையரைக் காட்டுவது, கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது இரண்டும் ஆபத்து, ரெக்கார்டு வளைந்துபோகும். குளிர்காலம் முழுக்க அழுத்தத்தை 2.0-இலிருந்து 2.2 கிராமுக்கு ஏற்றிவைப்பது நல்ல பழக்கம். குறைந்த அழுத்தம் ரெக்கார்டைக் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். பள்ளத்தில் நிலையாக உட்காராத ஊசிதான் அதிகம் அறுக்கும்.

கேள்வி: பழைய பங்களா வீடு, பலகைத் தளம். யாராவது நடந்தால் ஊசி குதிக்கிறது.
– வாசகர், வெலிங்டன்

பதில்: டர்ன்டேபிளைத் தரையிலிருந்து பிரித்துவிடுங்கள். பலகைத் தளம் நடைக்கு ஏற்ப மெதுவாக ஊஞ்சலாடும். கீழே எத்தனை ரப்பர் வைத்தாலும் அந்த மெதுவான ஆட்டம் தாண்டி வரும். கருங்கல் சுவரில் இரும்பு ஆங்கிள் பிராக்கெட் இரண்டு, 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டு அடித்து, மேலே 45 × 40 செ.மீ. கடப்பா கல் 20 மி.மீ. கனத்தில் வையுங்கள். கல் மட்டுமே சுமார் 10 கிலோ வரும், அதற்கேற்ற பிராக்கெட் வாங்குங்கள். சுவருக்கும் கல்லுக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் கசியும், ஒட்டி வைத்தால் பிளின்த் (டர்ன்டேபிளின் அடிப்பலகை) ஊறும். பிளின்த் எம்.டி.எஃப். (மரநார் பலகை) என்றால் வெட்டிய ஓரங்களுக்கு மூன்று கோட்டிங் பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) கட்டாயம் அடிக்க வேண்டும். ஓரம் வழியாகத்தான் ஈரம் ஏறி ஊதும். மரைன் பிளைவுட் 18 மி.மீ. இரண்டு அடுக்கு ஒட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: ஆலாபனைக்கு இடையில் தம்புரா மட்டும் கேட்கும் இடங்களில் அடியில் ‘குர்ர்’ என்று ஒரு சத்தம். மோட்டாரா, பேரிங்கா?
– வாசகர், கூடலூர்

பதில்: மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தட்டைக் கையால் சுழற்றிவிட்டு, ஊசியை இறக்குங்கள். வேகம் குறைந்துகொண்டே போகும், பரவாயில்லை. சத்தம் தொடர்ந்தால் பேரிங். நின்றுவிட்டால் மோட்டாரின் அதிர்வு பெல்ட் வழியாகவோ பிளின்த் வழியாகவோ வருகிறது. அப்படியானால் மோட்டாரைப் பிளின்த்தில் திருகாமல், தனியாக ஒரு கனமான இரும்புக் கிண்ணத்தில் உட்காரவைத்து, பிளின்த்தில் வெட்டிய துளைக்குள் எதிலும் படாமல் நிறுத்துங்கள். பெல்ட் 5 சதவீதம் போல இழுபட்டால் போதும். இறுக்கினால் அதிர்வும் கூடும், பேரிங்கும் ஒரு பக்கமாகத் தேயும்.

பேரிங்தான் என்றால்: 10 மி.மீ. கடினமாக்கிய எஃகுத் தண்டு, கன்மெட்டல் புஷ், இரண்டுக்கும் இடையில் 0.01 முதல் 0.02 மி.மீ. இடைவெளி. டிரில் போட்ட துளை போதாது, ரீமர் போட வேண்டும். கோவையில் இந்த அளவுக்கு வேலை செய்யும் லேத் பட்டறைகள் நிறைய. தண்டையும் புஷ்ஷையும் ஒரே இடத்தில், ஜோடியாகவே செய்யச் சொல்லுங்கள். அடியில் 6 மி.மீ. பேரிங் குண்டு, அதன் கீழே டெஃப்லான் வில்லை. சைக்கிள் கடைக் குண்டு வேண்டாம், அதன் உருட்சி இந்த வேலைக்குப் போதாது. பேரிங் கடையில் குரோம் ஸ்டீல் குண்டாகவே கேட்டு வாங்குங்கள். எண்ணெய் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 வகை. கார் எஞ்சின் ஆயில் குளிரில் கெட்டியாகி, காலையில் தட்டு வேகத்துக்கு வரவே நேரமாகும். தண்டு மெதுவாக, காற்றை அமுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ‘டக்’ என்று விழுந்தால் புஷ் தளர்வு.

கேள்வி: பழைய இயர்போன் கம்பியைக் கைக்குள் ஓடவிட்டேன். ஒரே ‘ம்ம்’ ஓசை.
– வாசகர், குன்னூர்

பதில்: இயர்போன் கம்பி நல்ல தேர்வுதான், மெல்லிசாக இருப்பதால் பிவட்டில் இழுக்காது. ஆனால் அதன் ஒவ்வொரு இழையிலும் வார்னிஷ் பூச்சு உண்டு. சால்டரிங் அயர்னின் நுனியில் ஈயத்தைக் குமிழாக வைத்து, அதற்குள் கம்பியை நாலைந்து விநாடி பிடித்துப் பூச்சைக் கருக்க வேண்டும். பூச்சு போகாமல் பற்றவைத்தால் பார்க்க ஒட்டியிருக்கும், கரண்ட் போகாது, ஓசை வரும். மல்டிமீட்டரில் நாலு கம்பியையும் தனித்தனியே பாருங்கள். கார்ட்ரிட்ஜின் பின்னில் நேராகச் சூடு வைக்கவே கூடாது. சின்ன கிளிப்பில் பற்றவைத்து, ஆறிய பிறகு மாட்டுங்கள். சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ், வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ்.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் ஓசை வந்தால், எப்போது மாறுகிறது என்று கவனியுங்கள். கை ஸ்பிண்டிலை நோக்கிப் போகப் போகக் கூடினால் அது மோட்டாரின் காந்தப்புலம், மோட்டாரை எதிர் மூலைக்கு மாற்றுங்கள். உலோகத்தைத் தொட்டால் குறைந்தால் அந்த உலோகத்துக்கு எர்த் இல்லை. தூணிலிருந்து தனிக் கம்பி ஒன்றை ஃபோனோ ஆம்பின் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) எர்த் ஸ்க்ரூவுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் ரெக்கார்டெல்லாம் வெள்ளைப் பூசணம். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளும் இருக்கின்றன. எப்படித் துடைப்பது? அவற்றையும் இந்த டர்ன்டேபிளில் போடலாமா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள். எல்.பி. வினைல், 78 தட்டு அரக்கு. வினைலுக்கு டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. பள்ளம் போகும் திசையிலேயே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசி, நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். இந்தத் திரவத்தில் ஒரு சொட்டுகூட 78 தட்டில் படக் கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், பள்ளமே போய்விடும். அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு சோப்புத் திரவமும் மட்டும், உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

பூசணம் பிடித்த காகித உறைகளில் திரும்பப் போடாதீர்கள், அங்கிருந்துதான் மறுபடி பரவும். பாலித்தீன் உள்ளுறை மாற்றி, செங்குத்தாக நிறுத்தி, பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். துடைக்கும் வேலையை வெளித்திண்ணையில், மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

78 தட்டுக்கு எல்.பி. ஊசி ஆகாது. எல்.பி. ஊசிமுனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-இன் அகலமான பள்ளத்தில் அது அடியில் கிடந்து கூழாங்கல்லில் உரசுவதுபோல் உரசும். 75 மைக்ரான் முனை வேண்டும். வி.எம்.95 வரிசைக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டாம். எஸ்.பி. என்ற ஊசியை மட்டும் செருகி, அழுத்தத்தை 5 கிராமுக்கு ஏற்றினால் போதும். வேகத்துக்கு, குன்னூர் வாசகருக்குச் சொன்ன அதே 250 சுற்று மோட்டாரும் 150 மி.மீ. உள்தட்டும் 1 மி.மீ. பெல்ட்டும் என்றால், 46.1 மி.மீ. புல்லி தனியாகக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நகரும் தூரத்தைப் பார்த்து, பெல்ட் அதற்குப் போதுமா என்று முதலில் நூல் சுற்றி அளந்துவிடுங்கள்.